சப்பாத்தைத் தின்றவருக்குப் பதவி உயர்வு

அரச உத்தியோகத்தில் மேலே போக எத்தனையோ வழி உண்டு. அமைச்சருக்கு மச்சானாக வாய்க்கலாம். தேர்தல் காலத்தில் சுவரொட்டி ஒட்டலாம். ஒன்றும் செய்யாமல் இருபது வருடம் கதிரையைச் சூடாக்கலாம். ஆனால் கூட வந்தவர்களில் பதினொரு பேரைச் சாகக் கொடுத்து, காலில் கிடந்த சப்பாத்தை அவித்துத் தின்று, அதற்குப் பிறகு பதவி உயர்வும் வாங்கியவர் ஒருவர் இருந்தார். பெயர் ஜோன் பிராங்கிளின். பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ற். 1819 முதல் 1822 வரை கனடாவின் வடகோடியில், தரைவழியாகப் போய், ஆர்க்டிக் கடற்கரையை 'ஆராய்ந்தவர்'.

யாழ்ப்பாணத்துத் தீவான வேலணையில் இருக்கிறவனுக்குப் பனிக்கடல் என்னத்துக்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எங்களுக்குக் குளிர் என்றால் மார்கழியில் காதை மூடிக் கட்டுவதோடு சரி. ஆனால் அந்தப் பயணக் கதையை வாசிக்க வாசிக்க, அட, இந்தக் கோஷ்டியை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று தோன்றும். தோன்றத்தான் வேண்டும். அவர்களின் வாரிசுகள் பண்ணைப் பாலம் தாண்டி இங்கே வந்தபடிதான் இருக்கிறார்கள். ஏசி போட்ட வாகனத்தில்.

முதலில், ஏன் போனார்கள்? நெப்போலியனோடு சண்டை முடிந்தது. கடற்படை அதிகாரிகளில் பத்தில் ஒன்பது பேருக்கு வேலை இல்லை. அரைச் சம்பளத்தோடு வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள். கடற்படைத் தலைமைக் கந்தோரான அட்மிரல்டியில் இரண்டாம் செயலாளராக இருந்தவர் ஜோன் பரோ. அமெரிக்காவின் தலைக்கு மேலால், அத்லாந்திக்கிலிருந்து பசிபிக்குக்கு ஒரு கடல்வழி இருக்கிறது என்பது அவருடைய பிடிவாதம். நாங்கள் பிடிக்காவிட்டால் ரஷ்யாக்காரன் பிடித்துவிடுவான் என்பது அவருடைய பயம். வேலையில்லாத உத்தியோகத்தர், செலவழிக்க ஒதுக்கிய காசு, அயலான் முந்திவிடுவான் என்ற கிலி. ஒரு திட்டம் பிறக்க இந்த மூன்றும் போதும். அந்த இடத்துச் சனத்துக்கு அது தேவையா என்ற நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

ஆளைத் தெரிந்தெடுத்த விதம் அதைவிட அழகு. பனி நிலத்தில் நடந்து பழகாதவர், வேட்டையாடத் தெரியாதவர், மரப்பட்டை வள்ளம் வலித்து அறியாதவர் யார் என்று தேடியது போல் பிராங்கிளினைப் பிடித்தார்கள். மூன்று வேளைச் சாப்பாடும் தேநீரும் இல்லாமல் இந்த மனிதரால் முடியாது, நாளுக்கு எட்டு மைலுக்கு மேல் நடக்கவும் மாட்டார் என்று ஹட்சன் பே கம்பனியின் ஜோர்ஜ் சிம்சன் எழுதிவைத்தார். சிம்சனுக்கும் நாக்கு நீளம்தான். ஆனால் பிறகு நடந்ததைப் பார்த்தால் அவர் சொன்னது பொய் என்று சொல்ல வாய் வரவில்லை.

1820 யூலைக் கடைசியில் போர்ட் புரொவிடன்ஸ் என்ற வியாபாரக் கொட்டிலில் பிராங்கிளின் அந்த நாட்டுக்காரரின் தலைவர் ஒருவரைச் சந்தித்தார். பெயர் அக்கைச்சோ. வரவேற்புக்கு வெள்ளைக்காரர் சீருடை போட்டார்கள், பதக்கம் குத்தினார்கள், கொடி ஏற்றினார்கள். உலகத்திலேயே பெரிய தலைவர் எங்களை அனுப்பியிருக்கிறார், உங்கள் நன்மைக்காகத்தான் வந்திருக்கிறோம் என்றார்கள். அக்கைச்சோ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு ஒன்றைக் கேட்டார். இந்தக் கடல்வழி வியாபாரத்துக்கு அவ்வளவு அவசியம் என்றால், இத்தனை காலமும் ஏன் அதை ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை?

அட்மிரல்டியில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. காட்டில் இருந்த ஒருவருக்குத்தான் வாயில் வந்தது. எங்கள் பக்கத்திலும் மக்கள் சந்திப்பு என்று ஒன்று நடக்கும். முன்வரிசையில் பிளாஸ்ரிக் கதிரைகளில் பெரியவர்கள். பின்னால் வேம்புக்குக் கீழே நிற்கும் ஒரு கிழவர் எழும்பி, "தம்பி, போனமுறை அளந்துகொண்டு போனீங்களே, அது என்னாச்சு?" என்று கேட்பார். உடனே மைக் அவருக்கு எட்டாமல் போய்விடும்.

வாக்குறுதிகள் வந்தன. துணி தருவோம், வெடிமருந்து தருவோம், நோர்த் வெஸ்ட் கம்பனியில் உங்களுக்கு இருக்கும் கடனைத் தள்ளுபடி செய்விப்போம். பதிலுக்கு அக்கைச்சோவின் ஆட்கள் வேட்டையாடி இறைச்சி கொடுக்க வேண்டும், வழி காட்ட வேண்டும். இறைச்சி வந்தது. வழியும் வந்தது. துணியும் மருந்தும்தான் வரவில்லை. ஹட்சன் பே கம்பனியும் நோர்த் வெஸ்ட் கம்பனியும் ரோமத் தோல் வியாபாரத்தில் ஒன்றையொன்று குத்திக்கொண்டிருந்தன. இந்தக் கோஷ்டிக்கு யார் சாமான் கொடுப்பது என்று ஆளையாள் கைகாட்டின. திணைக்களம் மாறித் திணைக்களம் கைகாட்டும் கலையை நாங்கள் கண்டுபிடித்தோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. சாமான் கேட்டு ஜோர்ஜ் பாக் என்ற இளம் அதிகாரி உறைபனிக் காலத்தில் ஆயிரம் மைலுக்கு மேல் நடந்துபோய் வந்தார். அதே பாக்கும் றொபேட் ஹூட் என்ற மற்ற இளசும் அந்த ஊர்ப் பெண் ஒருத்திக்காகத் துப்பாக்கிச் சண்டைக்கு நாள் குறித்தார்கள். ஹெப்பேர்ண் என்ற மாலுமி இரவோடிரவாகத் துவக்குகளிலிருந்து மருந்தை எடுத்துவிட்டதால் இரண்டு பேரும் தப்பினார்கள். முழுப் பயணத்திலும் உருப்படியாகத் திட்டமிட்டு நடந்த வேலை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

1821 யூலையில் கொப்பர்மைன் ஆற்று முகத்துவாரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். ஐம்பது வருடத்துக்கு முன்னரே, 1771 இல், சாமுவேல் ஹேர்ண் என்ற ஹட்சன் பே கம்பனிக்காரர் மத்தோனபி என்ற உள்ளூர்த் தலைவரின் பின்னால் நடந்து இதே இடத்துக்கு வந்திருந்தார். பிராங்கிளினின் ஆட்கள் மரப்பட்டை வள்ளம் இரண்டில் ஏறி, கரையோரமாகக் கிழக்கே 500 மைலுக்கு மேல் போனார்கள். போகப் போகப் பெயர் வைத்தார்கள். அந்த மாதம்தான் லண்டனில் நாலாம் ஜோர்ஜ் முடிசூடினார். ஆகவே பெரிய வளைகுடாவுக்கு முடிசூட்டு வளைகுடா என்று பெயர். குடியேற்ற நாடுகளுக்குப் பொறுப்பான அமைச்சர் பாதர்ஸ்ற் பிரபு. அவருக்கு ஒரு கடல்நுழைவாய். கடற்படைக்குப் பொறுப்பான மெல்வில் பிரபு. அவருக்கு ஒரு குடா. திட்டத்தை முன்னுக்குத் தள்ளிய பரோவுக்கு ஒரு முனை. கோவையில் கையெழுத்து வைக்கிற ஒவ்வொருவருக்கும் ஆளுக்கொரு துண்டுக் கடல். பரம்பரை பரம்பரையாக அந்தக் கரையில் கடல்நாய் பிடித்துச் சீவித்த இனுவிற் மக்களுக்கு? அவர்களுக்குத்தான் ஏற்கெனவே அங்கே வீடு இருக்கிறதே. பெயர் வேறு வேண்டுமா?

ஓகஸ்ட் 18 ஆம் திகதி ஒரு முனையில் நின்று, இனித் திரும்புவோம் என்று முடிவெடுத்தார்கள். பிந்திய முடிவு. வள்ளங்கள் உடைந்துபோயிருந்தன. சாப்பாடு முடிந்திருந்தது. செப்டம்பரில் பனி கொட்டத் தொடங்கியது. தரிசு நிலத்துக்குள்ளால் நடந்தார்கள். சுமை தூக்க அழைத்து வந்த பிரெஞ்சு வம்சத்துக் கூலியாட்கள் ஆளுக்குத் தொண்ணூறு இறாத்தல் சுமந்து நடந்தார்கள். பாறையில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்றார்கள். ஓநாய் விட்டுப்போன எலும்பை அவித்தார்கள். பழைய தோல், பிறகு சப்பாத்து. றொபேட் ஹூட் சூடுபட்டுச் செத்தார். சுட்டது மிஷேல் என்ற இறொக்குவா இனக் கூலியாள், செத்தவர்களின் சதையைத் தின்றவனும் அவனே என்று சொல்லி, கூட வந்த டொக்ரர் றிச்சட்சன் மிஷேலைச் சுட்டார். சாட்சி இரண்டு பேர். சுட்டவர் ஒருவர், கூட நின்றவர் ஒருவர். விசாரணை இல்லை. எங்களுக்காவது போருக்குப் பிறகு ஆணைக்குழு மேல் ஆணைக்குழு வைத்தார்கள். வாக்குமூலம் எடுத்தார்கள், மூக்கைச் சிந்த ரிசு பேப்பர்கூடத் தந்தார்கள்.

கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். கரைவழி போன இருபது பேரில் பிரிட்டிஷ்காரர் ஐந்து பேர். செத்தது ஒருவர். மற்றவர்கள் பதினைந்து பேர். செத்தது பத்துப் பேர். பசிக்கு ஆள் தெரியாது என்பார்கள். பசிக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மிஞ்சியவர்கள் தட்டுத் தடுமாறி, முந்திய வருடம் தங்கிய கொட்டிலான போர்ட் என்ரபிரைசுக்கு வந்தார்கள். உள்ளே ஒரு துண்டு இறைச்சி இல்லை. வெளியே எறிந்த தோலையும் எலும்பையும் பொறுக்கித் தின்றபடி சாவுக்குக் காத்திருந்தார்கள். நவம்பர் 7 ஆம் திகதி அக்கைச்சோவின் ஆட்கள் இறைச்சியோடு வந்தார்கள். குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டினார்கள். நெருப்பு மூட்டினார்கள். குப்பையைக் கூட்டினார்கள். எழும்பி நடக்க வைத்து அழைத்துப் போனார்கள். டிசம்பரில் அக்கைச்சோவுக்குக் கொடுக்க வேண்டிய சாமான் வரவில்லை என்று தெரிந்தது. அந்த மனிதர் கத்தவில்லை. வெள்ளைக்காரர் எங்களுக்குக் கடன்பட்டது இதுதான் முதல் தடவை என்று பகிடி விட்டார்.

அதற்குப் பிறகு என்ன? பிராங்கிளின் ஊருக்குப் போனார். கப்டன் ஆனார். றோயல் சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். 1823 இல் தடித்த புத்தகம் ஒன்று வந்தது, அமோகமாக விற்றது. சப்பாத்தைத் தின்ற மனிதர் என்று தெருவில் போகும்போது சனம் காட்டியது. பிறகு சேர் பட்டமும் கிடைத்தது. ஒருவன் தோற்றதற்கு இவ்வளவு கொடுத்தால் வென்றவனுக்கு என்னத்தைக் கொடுப்பது?

அதோடும் விடவில்லை. 1845 இல் அதே மனிதரைக் கப்பல் இரண்டோடு அதே வழி தேட அனுப்பினார்கள். பனிக்குள் போன 129 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. ஜோன் றே என்பவர் 1854 இல் இனுவிற் மக்களிடம் விசாரித்து நடந்ததைச் சொன்னார். கப்பலை விட்டுவிட்டு நடந்தார்கள், பட்டினியில் ஒருவரையொருவர் தின்றார்கள் என்று. லண்டனுக்குக் கோபம் வந்தது. சாள்ஸ் டிக்கன்ஸ் தன் சஞ்சிகையில், நாகரிகமில்லாதவர் பேச்சை நம்புவதா என்று பொரிந்து தள்ளினார். கப்பலில் ஒன்றை 2014 இல் கண்டெடுத்தார்கள். இனுவிற் கிழவர்கள் தலைமுறை தலைமுறையாகக் கைகாட்டிக்கொண்டிருந்த பக்கத்தில்தான் அது கிடந்தது. ஊர்ச்சனத்தின் சொல்லை நம்ப 160 வருடம். அதுவும் கடலுக்கடியில் கருவி வைத்துப் பார்த்த பிறகு.

இனி எங்கள் கரைக்கு வருவோம். 1658 இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை ஒட்டினார்கள். இன்று காரைநகர் என்று சொல்லும் காரைதீவு அம்ஸ்ரடாம். புங்குடுதீவு மிடில்பேர்க். நயினாதீவு ஹார்லெம். அனலைதீவு ரொட்டர்டாம். நெடுந்தீவு டெல்ஃப்ட். வேலணை லெய்டன். ஒல்லாந்தின் லெய்டனில் 1575 இலேயே பல்கலைக்கழகம் இருந்தது. எங்களுக்கு வந்தது பெயர் மட்டும்தான். பனை அதே பனை, உவர் அதே உவர். லெய்டனில் குடியிருக்கிறோம் என்று தெரியாமலேயே எங்கள் பாட்டன் பூட்டன் செத்துப்போனார்கள்.

ஒல்லாந்தன் போனான், பிரிட்டிஷ்காரன் போனான், பழக்கம் போகவில்லை. 2021 யனவரியில் நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் கலந்த மின்திட்டம் ஒன்று சீனக் கம்பனிக் கூட்டு ஒன்றுக்கு வழங்கப்பட்டது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் காசு. உடனே இந்தியாவுக்குத் தூக்கம் போனது. தமிழ்நாட்டுக் கரைக்கு இவ்வளவு கிட்டவா? அந்த வருட டிசம்பரில் சீனத் தூதரகம், மூன்றாம் தரப்பின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் நிறுத்தப்படுகிறது, நாங்கள் மாலைதீவில் செய்துகொள்கிறோம் என்று அறிவித்தது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். 2024 மார்ச்சில் இந்தியக் கம்பனி ஒன்றோடு ஒப்பந்தம். ஒப்பந்தத்திலிருந்து ஒப்பந்தத்துக்கு மூன்று வருடம். அந்த மூன்று வருடமும் நெடுந்தீவில் டீசல் மெசின்தான் இரைந்தது. பரோ ரஷ்யனுக்குப் பயந்தார். இவர்கள் ஆளையாள் பார்த்துப் பயப்படுகிறார்கள். நெடுந்தீவுப் பிள்ளை எந்த வெளிச்சத்தில் படிக்கிறது என்பது இரண்டு வரைபடத்திலும் இல்லை. மின்சாரம் வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? டெல்லிக்காரன் தந்தாலும் பெய்ஜிங்காரன் தந்தாலும் சுவிச்சைத் தட்டினால் பல்ப் எரியும்தானே. எங்களுக்குத் தெரிய வேண்டியது அது எரியுமா என்பது மட்டும்தான்.

தண்ணீரும் அப்படித்தான். வேலணைக்கு நல்ல தண்ணீர் சாட்டியில் இருக்கிறது. கடற்கரை மணலுக்குக் கீழே மழைத்தண்ணீர் தங்கும் நிலம் அது. ஒரு கிழவியைக் கேட்டாலே எந்தக் கிணறு எந்த மாதத்தில் கயர்க்கும் என்று சொல்லிவிடுவாள். சுற்றிவர உள்ள ஊர்களுக்குப் பவுசர் இங்கிருந்துதான் ஓடுகிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழே இருந்து உப்பு ஏறிவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் குழு வரும். கயிறு கட்டிய போத்தலைக் கிணற்றில் இறக்கும். லேபல் ஒட்டும். படம் எடுக்கும். கிணற்றுக் கட்டில் நின்று செல்பியும் எடுக்கும். கிழவியிடம் ஒரு வார்த்தை கேட்காது. அறிக்கை ஆங்கிலத்தில் வரும். கிழவிக்குத் தெரிந்ததுதான் அதில் இருக்கும், பிழையோடு.

பிறகு பெயர்ப்பலகை. திட்டம் வருகிறதோ இல்லையோ பலகை வந்துவிடும். மேலே இலச்சினை வரிசை: அமைச்சு, மாகாணம், பிரதேசம், நிதி தந்த நாடு, அதன் வங்கி. நடுவில் சிரித்த முகம் ஒன்று. கீழே தொடங்கிய திகதி. முடியும் திகதிக்கு விட்ட இடம் வெறும் வெள்ளை. கடற்காற்று இரண்டு மாரியில் இரும்பைத் தின்றுவிடும். முதலில் கால் உக்கும், பிறகு அமைச்சரின் தாடை. சில பலகைகள் இப்போது கோழிக்கூட்டுக்குக் கூரை. பொதுமக்களுக்கு நேரடிப் பயன் கிடைத்த திட்டம் அது.

ஊர்காவற்றுறைக்குப் போய் நின்று பாருங்கள். எதிரே காரைநகர். கூப்பிட்டால் கேட்கும் தூரம். நடுவில் போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த கடற்கோட்டை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குப் 'பாதை' என்ற மிதவைதான். பாதை பழுதானால் யாழ்ப்பாணம் சுற்றித்தான் காரைநகர். சந்திரனுக்கு ஆள் அனுப்பிய நூற்றாண்டு முடிந்து அடுத்த நூற்றாண்டிலும் கால்வாசி போய்விட்டது. இந்தத் துண்டுக் கடலுக்கு ஒரு பாலம் இல்லை. சைக்கிளில் மீன்பெட்டி கட்டியவன், சீருடைப் பிள்ளை, கிளினிக் கொப்பி வைத்திருக்கும் அம்மா, எல்லாரும் இறங்குதுறையில் வெயிலில். அமைச்சர் வந்தால் மட்டும் பாதை நேரத்துக்கு ஓடும்.

ஆர்க்டிக் கரைக்குத் தமிழரும் போயிருக்கிறார்கள். யாரும் அவர்களுக்குப் பதக்கம் குத்தவில்லை. குருநகரைச் சேர்ந்த அன்ரனி இராஜேந்திரம் 1956 இல் நோர்வேக்குப் போய்ச் சேர்ந்தார். மீன்பிடி கற்றார். நோர்வே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு காரைநகரில் சீநோர் என்று படகு கட்டும் துறையும், குருநகரில் வலைத் தொழிற்சாலையும் கொண்டுவந்தார். போனவர் கொடி நாட்டவில்லை. தொழிலைப் படித்துக்கொண்டு திரும்பினார். அதனால்தான் அவருக்கு ஒரு வளைகுடாவும் இல்லை. போர் வந்து அவர் கட்டியதைச் சிதைத்தது. சீநோர் அரச நிறுவனமாகி, தலைமைக் கந்தோர் கொழும்பில் இருக்கிறது. காரைநகர்த் துறையைத் திரும்பக் கட்டுவோம் என்ற பேச்சு மட்டும் ஊரோடு இருக்கிறது.

எண்பதுகளில் எங்கள் பெடியள் நோர்வேயின் வடமுனைக்குப் போனார்கள். ஃபின்மார்க் மாவட்டத்து மீன் தொழிற்சாலைகளில் நின்று கொட் மீன் வெட்டினார்கள். மாரியில் இரண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர்கள். கை விறைக்கும் குளிர். அவர்களை அனுப்பியது எந்த அட்மிரல்டியும் இல்லை. வட்டிக்கு வாங்கிய காசும், வீட்டைச் சுற்றிய ஆமியும். அந்தக் கரையில் எந்த முனைக்கும் வேலணை முனை என்று பெயர் இல்லை. ஆனால் அந்தச் சம்பளத்தில்தான் இங்கே பள்ளிக்கூடத்துக்கு மண்டபமும், கோயிலுக்குக் கோபுரமும், சங்கக் கடைக்குக் கூரையும் வந்தன. எந்தத் திட்ட அறிக்கையிலும் இந்த வரவு இல்லை. பெயர்ப்பலகையும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கட்டியது கட்டியபடி நிற்கிறது.

தீவகத்தின் சுற்றுலா வாய்ப்புகளைக் 'கண்டறிய' இன்னொரு குழு வருகிறதாம். கேள்விப்பட்டேன். சாட்டியில் மக்கள் சந்திப்பாம். சனம் குறையாமல் பார்க்கும்படி சங்கங்களுக்குச் சொல்லியாயிற்றாம். மதியச் சாப்பாட்டை ஊரார் ஒழுங்குசெய்ய வேண்டுமாம், செலவைப் பிறகு பார்க்கலாமாம். தாராளமாக வரட்டும். பசித்து வந்தவனுக்குச் சோறு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லை. கணவாய்க் கறியும் ஒடியல் கூழும் தயார். ஆனால் அக்கைச்சோவின் கதையை எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கப் பொருளாளரும் வாசித்துவிட்டார். சாப்பாட்டுப் பொதி ஒன்று எவ்வளவு என்று எழுதிப் படலையில் கட்டியிருக்கிறார். கடன் இல்லை. காசு முன்னுக்கு.